ஆய்வாளர் நேரில் வருவார்

தீக்கு நாங்க ஒரு தேதி குறிச்சு வெச்சிருந்தோம். தீயணைப்புப் படை ஆபீஸ் சுவர்ல தொங்குற காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டு, ‘சீசன் ஆரம்பம்’னு என் கையாலயே எழுதியிருந்தேன். அந்தத் தேதிக்கு இன்னும் இருபத்திமூணு நாள் இருக்கு, அதுக்குள்ள ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பத்தேகால் மணிக்கு மலை உச்சியில புகை கிளம்புது. காலண்டர் பார்த்துட்டு வர்ற பழக்கம் அந்தச் சனியனுக்கு இல்ல.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். எனக்குச் சம்பளம் குடுக்கறது தபால் ஆபீஸ். அங்க கவுன்டர்ல உட்கார்ந்து முத்திரை குத்தறேன். நான் குள்ளம். அந்த நாற்காலியில உட்கார்ந்தா இருபத்தி ரெண்டு வருஷமா என் கால் தரையில படல, அந்தரத்துல தொங்குது. அதுபோக, ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில ரெண்டு பொறுப்பு. சாமான் அறைச் சாவி என்கிட்ட. வீடு வீடா ஆய்வு பண்ணி நோட்டீஸ் அனுப்புற ஆய்வாளரும் நான்தான்.

ஊர்ல என்னை ‘சைரன்’னு கூப்பிடுவாங்க. ஆபீஸ் கூரையில ஒரு நிஜ சைரன் இருக்கு, ஆனா அதுக்குள்ள ஒரு குருவி கூடு கட்டிக் குடும்பம் நடத்துது. குஞ்சு பறக்கட்டும்னு விட்டோம். இப்ப அந்தக் குஞ்சுக்கே குஞ்சு பொறிச்சாச்சு. அதனால தீன்னா நான்தான் வாசல்ல நின்னு கத்தணும். கோபமும் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, மூக்குக்கு மேலயே உட்கார்ந்திருக்கும். இதையும் நானே சொல்லிடறேன், இல்லாட்டி எங்க அண்ணன் சொல்லுவான்.

அண்ணனைப் பத்திச் சொல்லாம இந்தக் கதை நகராது. ஊருக்கு உச்சியில, படிக்கட்டு முடியற இடத்துல, கடைசி வீடு அவனோடது. நாற்காலி செய்யறவன். வீட்டோட ஒட்டுன பட்டறை, அதைச் சுத்தி மரத்துண்டு, இழைப்புச் சுருள், மரத்தூள்னு முழங்கால் அளவு கிடக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சீசன் சமயத்துல ஆய்வுக்குப் போன நான் அதைப் பார்த்துட்டு, எல்லாருக்கும் அனுப்புற மாதிரியே அவனுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புனேன். ‘ஐயா, தங்கள் வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் காய்ந்த பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அகற்றிய பின் ஆய்வாளர் நேரில் வந்து பார்வையிடுவார்.’

கூடப் பொறந்தவளே ‘ஐயா’ போட்டு நோட்டீஸ் அனுப்பிட்டாளேன்னு அவனுக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. பதில் கடிதம் போட்டான். அதுவும் என் கவுன்டருக்குத்தான் வந்துச்சு, நானே முத்திரை குத்திட்டு நானே பிரிச்சுப் படிச்சேன். ‘அம்மணி, என் வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் இருக்கும் காய்ந்த பொருள் நான் ஒருவன்தான். என்னை அகற்ற வேண்டுமானால் ஆள் அனுப்பவும்.’

அம்மணியாம்! அவன் முதுகுல ஏறித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், நான் அம்மணியா? அன்னியிலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. நாலு மாசத்துக்கு ஒருக்கா அதே நோட்டீஸை மறுபடி அனுப்புவேன். என் பதிவேட்டுல அவன் பேருக்கு நேரா ‘நிறைவேற்றவில்லை’னு கவுன்டர்ல உட்கார்ந்தபடியே எழுதுவேன். நேர்ல போய்ப் பார்க்கல. நான் ஏன் போகணும்?

இன்னொரு விஷயமும் சொல்லணும். எங்க சாமான் அறை மலையைக் குடைஞ்சு கட்டுனது. குளிர்காலம் முழுக்கச் சுவர் அழுதுக்கிட்டே இருக்கும், உள்ள வெச்சா துணி ஹோஸ் எல்லாம் பூசணம் பூத்துரும். அதனால சீசன் முடிஞ்சதும் பன்னிரண்டு ஹோஸையும் பன்னிரண்டு வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஆளுக்கு ஒண்ணு, பரண்ல காய வெச்சுக்கணும். ‘ஹோஸ் லீவுக்குப் போயிருக்கு’ன்னு சொல்றது எங்க வழக்கம். சீசன் ஆரம்பிக்கற அன்னிக்கு எல்லாரும் கொண்டுவந்து குடுத்துக் கையெழுத்து வாங்கிக்கணும். கையெழுத்து இல்லாம குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவதி நான்தான்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை புகை வந்தப்ப எங்க படையில வண்டி இருந்துச்சு, பம்பு இருந்துச்சு, வண்டித் தொட்டி நிறைய தண்ணி இருந்துச்சு. ஹோஸ்தான் ஒண்ணுகூட இல்ல.

கவுன்டர்ல வெச்சிருந்த கடிதக் கட்டு மேல சாம்பல் வந்து விழுந்துச்சு. வெளிய வந்து பார்த்தா சூரியன் பழுத்த ஆரஞ்சு கணக்கா மங்கித் தொங்குது. தெருவே இருமுது. கம்பளியக்கூட நாங்க இன்னும் மடிச்சு உள்ள வைக்கல. புதுப்புல் முளைக்கல, மலைச்சரிவு முழுக்கப் போன வருஷத்துப் புல் செத்துக் காய்ஞ்சு நிக்குது. மூச்சை இழுத்து ஒரு கத்து கத்துனேன் பாருங்க, சைரனுக்குள்ள இருந்த குருவிக் குடும்பம் மொத்தமும் வெளிய பறந்துருச்சு.

முதல்ல ஓடி வந்தது எங்க படைத் தலைவர். அவர் பல் டாக்டர். வெள்ளைக் கோட்டும் முகமூடியும் போட்டபடியே வந்தார். அவர் பின்னாடியே, கழுத்துல துண்டோட, வாயில பஞ்சோட முடிதிருத்துறவர் வந்தார். பாதி சிகிச்சையில எழுந்து வந்திருக்கார் மனுஷன், வலது கன்னம் மரத்துப்போய்த் தொங்குது. மூணாவது என் வீட்டுக்காரர். அவர் பஸ் டிரைவர், படைக்கு வண்டி ஓட்டறதும் அவர்தான்.

“பதட்டப்படாதீங்க. ஒண்ணும் இல்ல, லேசா கூசும், அவ்வளவுதான்”னு டாக்டர் ஆரம்பிச்சார். எதுவா இருந்தாலும் அவருக்கு அந்த வசனம்தான். “ஹோஸ் எல்லாம் எடுத்தாச்சா?”

“லீவுல இருக்கு”ன்னேன்.

வண்டியில ஏறி வீடு வீடா வசூலுக்குக் கிளம்புனோம். அந்தக் கொடுமையை எப்படிச் சொல்லுவேன்! பள்ளிக்கூடத்துல எங்க ஹோஸை வெச்சுக் கயிறிழுக்கற போட்டி நடக்குது. “நாளைக்கு இறுதிப்போட்டி”ன்னு டீச்சர் இழுத்தாங்க, நானும் இழுத்தேன், நான்தான் ஜெயிச்சேன். மாட்டுக்காரர் வீட்டுல ஹோஸோட ஒரு நுனியில பசு மாடு, இன்னொரு நுனியில கன்னுக்குட்டி. பேக்கரிக்காரம்மா தோட்டத்துல அதைப் பாத்திக்கு வரப்பா போட்டு, ரெண்டு பக்கமும் பூச்செடி நட்டிருந்தாங்க. “வேர் பிடிச்சிருச்சே”ன்னு கண் கலங்குனாங்க. நில அளவையர் வீட்டுல துணிக்கொடியா கட்டியிருந்தாங்க. கிளிப்பைக் கழட்ட நேரமில்ல, அவரோட ஆறு பனியனும் ஹோஸோட சேர்ந்தே வண்டியில ஏறுச்சு.

இதுக்கு நடுவுல என் வீட்டுக்காரர் இருக்காரே, அவர் கை கால் எல்லாம் பஸ்ஸுலயே ஊறிப்போனது. ஒவ்வொரு பஸ் ஸ்டாப் வரும்போதும் வண்டி தானா நின்னுச்சு. மூணாவது ஸ்டாப்புல ஒரு அம்மா பையோட ஏறி உட்கார்ந்தே போயிட்டாங்க.

“என்னங்க, இது தீயணைப்பு வண்டி!”ன்னு கத்துனேன்.

“தெரியும்மா. காலுக்குத் தெரியலையே”ன்னார்.

அரைமணி நேரத்துல பதினோரு ஹோஸ் சேர்ந்துச்சு. டாக்டர் எண்ணிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பன்னிரண்டாவது யார் வீட்டுல இருக்குன்னு ஊருக்கே தெரியும். காஞ்ச பரண் இருக்கறதால, பேச்சு நின்னப்புறமும் ஒரு ஹோஸ் அண்ணன் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. என் வீட்டுக்காரர் கொண்டுபோவார், அவரே கொண்டுவருவார்.

“பதினொண்ணு போதும்”னு நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

டாக்டர் முகமூடியைக் கீழ இறக்குனார். “போதாதே. தீ எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்த்தீங்களா?”

அப்பதான் சரியா நிமிர்ந்து பார்த்தேன். காத்து திரும்பியிருந்துச்சு. புகை உச்சியிலேருந்து நேரா படிக்கட்டுப் பக்கம் சாஞ்சு வருது. படிக்கட்டோட முடிவுல கடைசி வீடு. அந்த வீட்டைச் சுத்தி முழங்கால் அளவு மரத்தூள். அதுக்கு நடுவுல எங்க அண்ணன்.

பேசாம இருந்த ரெண்டு வருஷமும் ஒரே நொடியில நெஞ்சை வந்து அடைச்சுது. ஒரு பொறி போதும் அந்தக் குப்பைக்கு. அவன் வீட்டை விட்டு வெளிய வர்ற ஆளும் இல்ல, ஊரே வந்து கெஞ்சினாலும் உளியை வெச்சுக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருப்பான். பிடிவாதத்துல எங்க குடும்பத்துக்கே அவன்தான் மூத்தவன்.

“வண்டியை எடுங்க”ன்னேன். “எந்த ஸ்டாப்புலயாவது நின்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

நின்னார். ஆனா பையோட ஏறுன அம்மா இறங்கறதுக்காக மட்டும் நின்னார், அதை மன்னிச்சுட்டேன்.

கடைசி வளைவுக்கு மேல வண்டி ஏறாது, படிக்கட்டுதான். முடிதிருத்துறவரையும் டாக்டரையும் பம்புல நிறுத்திட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஹோஸை இழுத்துக்கிட்டுப் படியேறுனோம். ஒண்ணோட ஒண்ணு மாட்டி மாட்டி, புகையில கண்ணு எரிய, இருமி இருமி ஏறுனோம். வாக்கி டாக்கிக்கு சார்ஜ் போடல, ஏன்னா சீசன் இல்ல. மேலேருந்து நான் கத்துனா அவங்க தண்ணி திறக்கணும், அதுதான் ஏற்பாடு. பதினோராவது ஹோஸ் அண்ணன் வீட்டு கேட்டுகிட்ட வந்து முடிஞ்சு போச்சு. பின்பக்கம் போக இன்னும் இருபது மீட்டர் வேணும்.

கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தான். ஈரத்துண்டை மூக்குல கட்டி, காதுல பென்சிலைச் சொருகி, தோள்ல பன்னிரண்டாவது ஹோஸைச் சுருட்டிப் போட்டுக்கிட்டு, கையில ஒரு ரசீது நோட்டோட.

என்னைப் பார்க்கல. என் வீட்டுக்காரரைப் பார்த்தான். “மாப்ள, உங்க வீட்டு ஆய்வாளர்கிட்ட சொல்லுங்க. ஹோஸ் ரெடி. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கச் சொல்லுங்க.”

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. “என்னங்க, உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க. பின்னாடி தீ வந்துக்கிட்டு இருக்கு, இப்பதான் கையெழுத்தான்னு கேளுங்க.”

“மச்சான், அவ என்ன சொல்றான்னா...”

“காதுல விழுந்துச்சு மாப்ள. அவ பேசறது எல்லாருக்கும் காதுல விழும். சட்டம் போட்டது யாருன்னு கேளுங்க.”

“சட்டம் போட்டது யாருன்னு கேக்கறார்”ன்னு என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார், தபால் பட்டுவாடா பண்ற மாதிரி.

பென்சிலை அவன் காதுலேருந்து வெடுக்குனு உருவிக் கையெழுத்துப் போட்டேன். அப்படிப் போட்டதுல பக்கமே கிழிஞ்சிருக்கும். ஹோஸைப் பிடுங்கி, பதினோராவதோட மாட்டப் போனேன். மாட்டல. வாயில ஒரு தக்கை. எலி உள்ள போகாம இருக்க, மரத்துல கடைஞ்சு, மெருகு போட்டு, ஹோஸை இணைக்கற கப்ளிங் வாய்க்குக் கச்சிதமா அடிச்சு வெச்சிருக்கான். அவன் வேலை சுத்தம்னு ஊரே சொல்லும். அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, ஒரு மயிரிழை இடைவெளி இல்ல. பிடிச்சு இழுக்கக்கூட ஒரு விளிம்பு இல்ல.

நான் இழுத்தேன், வரல. என் வீட்டுக்காரர் இழுத்தார், வரல. அண்ணன் இழுத்தான், அவனுக்கும் வரல.

“எப்படி எடுக்கறதுன்னு உங்க மச்சான் யோசிக்கவே இல்லையான்னு கேளுங்க!”

“எடுக்க இன்னும் இருபத்திமூணு நாள் இருந்துச்சுன்னு சொல்லுங்க மாப்ள! அதுக்குள்ள குளிர் விட்டு மரம் சுருங்கியிருக்கும்னு சொல்லுங்க!”

நான் திரும்பி, கீழ பார்த்து, நெஞ்சுல இருந்த மொத்தக் காத்தையும் சேர்த்துக் கத்துனேன். “டாக்டர்! மேல வாங்க! ஒண்ணு புடுங்கணும்!”

டாக்டர் ரெண்டு ரெண்டு படியா தாவி வந்தார். கோட்டுப் பையிலேருந்து பல் புடுங்கற கொறடு ஒண்ணை எடுத்தார், அவர் அதை எங்க போனாலும் விடமாட்டார் போல. முட்டி போட்டு உட்கார்ந்து ஹோஸ் வாயை அப்படியும் இப்படியும் திருப்பி உள்ள எட்டிப் பார்த்தார். “ம்ம். ஆழமா இருக்கு. யாராவது தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.” என் வீட்டுக்காரர் கப்ளிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். “கவலைப்படாதீங்க, லேசா கூசும்”னு ஹோஸுக்குத் தைரியம் சொன்னார் டாக்டர்.

அந்த நேரம்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. வீட்டுக்குப் பின்னாடி, படபட படபடன்னு காஞ்ச புல் பத்தி எரியற சத்தம். புகைக்குள்ள சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சுது. மரத்தூள். முழங்கால் அளவு மரத்தூள்.

“அண்ணா!”ன்னேன்.

அவன் திரும்பினான். ரெண்டு வருஷம் கழிச்சு என் கண்ணைப் பார்த்தான்.

“அண்ணா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துரு. வா, கீழ போயிடலாம். வீடு போனா போகுது, உன் கால்ல வேணா விழறேன், வந்துரு. அந்தக் குப்பையில தீ பிடிச்சா ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.”

“எந்தக் குப்பை?”ன்னான்.

“பின்னாடி கிடக்கற குப்பைதான்!”

என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, புகைக்குள்ள, பட்டறைச் சுவர் ஓரமா, பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனான். நான் “வேண்டாம், வேண்டாம்”னு கத்திக்கிட்டே போனேன். அவன் நின்ன இடத்துல நானும் நின்னேன்.

குப்பையே இல்ல. மரத்துண்டு இல்ல, சுருள் இல்ல, ஒரு சருகு இல்ல. வெறும் மண்ணு. கூட்டுன விளக்குமாத்துக் கோடு கோலம் மாதிரி வரிவரியா தெரியுது. வீட்டுச் சுவர்லேருந்து தூரத்துல முளைக்குச்சி அடிச்சு, குச்சிக்குக் குச்சி சணல் கயிறு கட்டியிருக்கு. ஒவ்வொரு குச்சியிலயும் பென்சில்ல நம்பர். கயித்துக்கு அந்தப் பக்கம் புல்லு இடுப்பு உயரத்துக்கு எரியுது. எரிஞ்சுக்கிட்டே கயிறு வரைக்கும் வந்துச்சு, மண்ணைப் பார்த்துச்சு, திங்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு அப்படியே படுத்துருச்சு. கயிறு மட்டும் சுர்ருனு எரிஞ்சு போச்சு.

நான் வாயைத் திறந்தபடி நின்னேன். வாயில சாம்பல் போனது அப்புறம்தான் தெரிஞ்சுது.

“பத்து மீட்டர், நாலு விரல்”னான் அண்ணன்.

“நாலு விரல் எதுக்கு?”

“உன் டேப் எப்படி இருக்குமோ, யார் கண்டா.”

அதுக்கு மேல பேச நேரமில்ல. பறந்து வந்த பொறி ரெண்டு பட்டறைக் கூரையில விழுந்து, ஓரமா புகைய ஆரம்பிச்சுது. கூரைக்குக் கீழ முழுக்க மரம். மண்ணுல தீயை நிறுத்தலாம், வானத்துல எப்படி நிறுத்தறது? அதே நேரம் முன்பக்கத்துலேருந்து டாக்டரோட குரல்: “வந்துருச்சு! வேரோட வந்துருச்சு!” என் வீட்டுக்காரர் மாட்டின ஹோஸை இழுத்துக்கிட்டு ஓடி வந்தார். பின்னாடி இழுபட்டு வந்த பதினோராவதுல நில அளவையரோட பனியன் ரெண்டு இன்னும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

நான் படிக்கட்டுப் பக்கம் ஓடிக் கத்துனேன். “தண்ணீஈஈஈ!”

கீழேருந்து முடிதிருத்துறவர் மரத்த வாயால என்னமோ பதில் சொன்னார். என்ன சொன்னார்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம், ஆனா பம்பை முழுசா திறந்துட்டார்னு மட்டும் உடனே புரிஞ்சுது. ஹோஸ் உயிர் வந்து எழுந்துச்சு. கூடவே ஓடி வந்து முனையைப் பிடிச்சிருந்த டாக்டர் அதுக்குத் தயாரா இல்ல. அது அவரை ஒரு சுத்து சுத்திவிட்டு, என் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி, என்னைக் குளிப்பாட்டி, அண்ணன் மூக்குல கட்டியிருந்த துண்டை அடிச்சுக்கிட்டுப் போய்க் கொய்யா மரத்துல தொங்கவிட்டுச்சு. அண்ணன் பாய்ஞ்சு முனையைப் பிடிச்சான். நான் அவன் பின்னாடி ஹோஸைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, அவன் முதுகுல தோளை முட்டுக்குடுத்து நின்னேன்.

“மேல தூக்கு! ஓரத்துல அடி!”ன்னு நான் கத்தறேன்.

“காதுக்குள்ள கத்தாதடி! எனக்கும் கண்ணு இருக்கு!”ன்னு அவன் கத்தறான்.

எத்தனை நாள் ஆச்சு அவன் என்னை ‘டி’ போட்டுப் பேசி! அம்மணி செத்தாச்சு, இனி நான் பழைய ஆள். கூரை நனைஞ்சுது, புகை புஸ்ஸுனு அடங்குச்சு. அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் தண்ணி அடிச்சோம், யாருக்கும் நிறுத்த மனசு வரல.

மத்தியானத்துக்குள்ள மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வனத்துறைப் பெரிய படை நாலு வண்டியில வந்து உச்சியில மிச்சத் தீயைப் பார்த்துக்கிட்டாங்க. எங்களைப் பார்த்துட்டு அவங்க தலைவர், “எப்படிங்க கடைசி வீட்டைக் காப்பாத்துனீங்க?”ன்னு கேட்டார். டாக்டர் அந்தத் தக்கையைப் பஞ்சுல சுத்தி அவர்கிட்ட காட்டினார். அவருக்கு ஒண்ணும் விளங்கல, பாவம்.

நான் பின்பக்கமே நின்னுக்கிட்டு இருந்தேன். சொட்டச் சொட்ட நனைஞ்சு, முகமெல்லாம் கரி. அந்த மண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

“எப்ப சுத்தம் பண்ண?”

“முதல் நோட்டீஸ் வந்த வாரமே.”

“முதல்... அப்புறம் நான் ஆறு நோட்டீஸ் அனுப்பினேனே! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அண்ணன் தரையைப் பார்த்தான். “அதான் நோட்டீஸ்லயே போட்டிருக்கியே. ஆய்வாளர் நேரில் வந்து பார்வையிடுவார்னு. வருவன்னு இருந்தேன். ஒவ்வொரு நோட்டீஸ் வர்றப்பவும் ஒருக்கா கூட்டிப் பெருக்குவேன். சரி, இந்தத் தடவை வந்துருவான்னு.”

நான் அழுதுட்டேன். புகையால வந்த கண்ணீர்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம், ஆனா புகை அதுக்குள்ள அந்தப் பக்கம் போயிடுச்சு. ரெண்டு வருஷமா நான் கவுன்டர்ல உட்கார்ந்து ‘நிறைவேற்றவில்லை’, ‘நிறைவேற்றவில்லை’னு எழுதறேன், இவன் இங்க விளக்குமாத்தோட வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கான். என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்துச்சு.

அப்பதான் இன்னொண்ணு உறைச்சுது. ஞாயித்துக்கிழமை தவறாம இங்க சீட்டு விளையாட வர்றவர் ஒருத்தர் இருக்காரே! மெதுவா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

“உங்களுக்குத் தெரியுமா, இது சுத்தமா இருக்குன்னு?”

“தெரியும்மா.”

“ரெண்டு வருஷமாவா?”

“அந்த வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன”ன்னார் பச்சைக் குழந்தை மாதிரி.

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வை அவருக்கு நல்லாத் தெரியும்.

அண்ணன் பட்டறைக்குள்ள போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்தான். மெருகு போட்ட நாற்காலி, அதோட கைப்பிடியில இருந்த தூசியைத் தட்டிக்கிட்டே மண்ணுல வெச்சான். “உட்காரு. ஆய்வாளர் வந்தா நின்னுக்கிட்டா எழுதுவாங்கன்னு செஞ்சது.”

உட்கார்ந்தேன். என் ரெண்டு காலும் தரையில பட்டுச்சு. முழுப் பாதமும்.

மூக்கை உறிஞ்சிக்கிட்டு, பையில நனைஞ்சு போயிருந்த ஆய்வுப் பதிவேட்டை எடுத்தேன். அவன் தன் காதைத் தடவினான், பென்சில் என்கிட்டதான் இருந்துச்சு. கடைசி வீட்டுக்கு நேரா ‘நேரில் பார்வையிட்டேன். நிறைவேற்றப்பட்டது. மிகவும் திருப்தி’னு எழுதி அவன்கிட்ட நீட்டினேன். அவன் ஒரு எழுத்து விடாம ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் முகத்தை உர்ருனு வெச்சுக்கிட்டு மூடித் திருப்பிக் குடுத்தான்.

“இது செல்லாது.”

“ஏன் செல்லாது?”

“சீசன் ஆரம்பிக்க இன்னும் இருபத்திமூணு நாள் இருக்கு. சீசனுக்கு முன்னாடி பண்ற ஆய்வு கணக்குல வராது. அன்னிக்கு மறுபடியும் வரணும்.” தொண்டையைச் செருமிக்கிட்டான். “நேர்ல.”

சட்டம் பேசறான் பாருங்க! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. ஆனாலும் என் வீம்பு அவ்வளவு சீக்கிரம் சாகுமா? விறைப்பா நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“என்னங்க, வர்றேன்னு உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தேன். என் பார்வைக்குப் பயந்துக்கிட்டு அவர் எப்பவோ படியிறங்கி வண்டிக்கு ஓடிட்டார். கீழேருந்து என்ஜின் சத்தம் மட்டும் கேக்குது. பின்பக்கத்துல நானும் அண்ணனும்தான் இருந்தோம்.

“வர்றேண்ணா”ன்னேன். வேற வழி?